எந்த வண்டி எப்போது நிற்கும்? ராணுவ வாகனங்களில் முன்கணிப்புப் பராமரிப்பு

2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் பான்சர்ஹாபிட்சே 2000 ரகப் பீரங்கிகள் உக்ரைன் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தன. சங்கிலித் தடங்களில் தானே ஓடுகிற, குண்டுகளை இயந்திரத்தின் உதவியோடு ஏற்றுகிற 155 மி.மீ. பீரங்கிகள் அவை. ஜூலை இறுதிக்குள் அவற்றில் சிலவற்றின் கணினிகள் தேய்மானம் குறித்த பிழைச் செய்திகளைக் காட்டத் தொடங்கிவிட்டன என்று செய்தி வந்தது. ஒரு நாளைக்கு 100 குண்டுகள் சுடுவதையே ஜெர்மன் ராணுவம் கடுமையான பயன்பாடாகக் கணக்கில் வைத்திருந்தது. போர்முனையிலோ அதற்கும் மேலே சுட்டுக்கொண்டிருந்தார்கள். குண்டு ஏற்றும் பொறியமைப்பு அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பழுதுபார்ப்பதற்காக லிதுவேனியாவில் ஒரு பணிமனையை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவத்தில் எச்சரிக்கை அமைப்பு தன் வேலையைச் சரியாகவே செய்தது. தேய்மானத்தைக் கண்டது, சொல்லவும் சொன்னது. ஆனால் அந்த எச்சரிக்கையின் எல்லைக்கோடு அமைதிக்காலப் பயிற்சித் திடலில் போடப்பட்டது. பீரங்கி நின்றதோ போர்க்களத்தில். எச்சரிக்கை வந்தபோது உதிரிபாகமும் அதை மாற்றத் தெரிந்த கையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. ராணுவ வாகனங்களின் முன்கணிப்புப் பராமரிப்பைப் பற்றி யார் பேசினாலும் சென்சார், செயற்கை நுண்ணறிவு, தரவு என்று தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவை தேவையானவைதான். எனினும் இந்தத் துறையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு கேள்விகள் என்பது என் கணிப்பு: கணிப்புக்கு அடிப்படையான தரவு, வண்டி உண்மையில் ஓடப்போகும் சூழலைச் சேர்ந்ததா? கணிப்பு தரும் அவகாசம், உதிரிபாகம் வந்துசேர ஆகும் காலத்தைவிட நீளமானதா?

பராமரிப்பில் மூன்று வழிகள் உண்டு. உடைந்த பின் சரிசெய்வது முதலாவது. இத்தனை கிலோமீட்டருக்கு அல்லது இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாக ஓடினாலும் ஓடாவிட்டாலும் கழற்றிப் பார்த்து மாற்றுவது இரண்டாவது. இதைத் தடுப்புப் பராமரிப்பு என்பார்கள். பாகத்தின் தற்போதைய நிலையை அளந்து, அது எப்போது செயலிழக்கும் என்று மதிப்பிட்டு, அதற்குச் சற்று முன்னால் கைவைப்பது மூன்றாவது. முன்கணிப்புப் பராமரிப்பு என்பது இதுதான். ராணுவங்கள் நெடுங்காலம் இரண்டாவது வழியையே நம்பின. அட்டவணை என்பது ராணுவத்தின் இயல்புக்கு ஒத்துப்போகும் விஷயம். சரிபார்க்கவும் எளிது, பொறுப்பைச் சாட்டவும் எளிது.

அந்த நம்பிக்கையில் முதலில் ஓட்டை போட்டவர் ஓர் உயிரியலாளர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் செயல்முறை ஆய்வுக் குழுவில் பணியாற்றிய சி.எச். வாடிங்டன், நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை அவற்றுக்கு முழுச் சோதனை நடக்கும். சோதனை முடிந்த புதிதில் பழுதுகள் குறைவாக இருந்து, அடுத்த சோதனை நெருங்க நெருங்கக் கூட வேண்டும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. வரைபடம் தலைகீழாக வந்தது: சோதனை முடிந்த உடனே பழுதுகள் உச்சத்தில் இருந்தன, பிறகு படிப்படியாகக் குறைந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதை உண்டாக்கியது. சரியாக இறுக்கப்படாத ஒரு குழாய் இணைப்பு, வளைந்துபோன ஒரு முள், உள்ளே விழுந்த தூசி — இவ்வளவு போதும். அட்டவணையைத் தளர்த்தியபோது விமானங்கள் கூடுதல் நேரம் பறந்தன.

அடுத்த பெரிய அடி 1978-இல் விழுந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை, விமானப் பாகங்கள் செயலிழக்கும் விதங்களை ஆறு வகையாகப் பிரித்தது. வயது கூடக் கூடத் தேய்ந்து பழுதாகும் பாகங்கள், அதாவது குறிப்பிட்ட வயதில் மாற்றுவதால் பலன் கிடைக்கக்கூடியவை, மொத்தத்தில் 11 விழுக்காடுதான். மீதி 89 விழுக்காட்டுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. அதிலும் மொத்தத்தில் 68 விழுக்காடு, புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாயின. விமானத்தின் விகிதத்தை அப்படியே டாங்கிக்குப் பொருத்திவிடக் கூடாது. சேற்றிலும் மணலிலும் புரளும் தடங்கள், உருளைகள், சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்வதற்கென்றே இருப்பவை. ஆனால் மின்னணுப் பாகங்கள், வயரிங், சீல்கள், ஹைட்ராலிக் வால்வுகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை அறிக்கை சொன்னது இன்றும் செல்லும். வயதை வைத்துக் கணிக்க முடியாதென்றால், நிலையை வைத்துத்தான் கணிக்க வேண்டும். முன்கணிப்புப் பராமரிப்பின் நியாயம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

நிலையை அளப்பது என்றால் என்ன? அதன் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று எண்ணெய்ச் சோதனை. 1940-களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் எஞ்சின்களில் தொடங்கியதை 1950-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை விமான எஞ்சின்களுக்கு எடுத்துக்கொண்டது. பிறகு அது தரைப்படை வாகனங்களுக்கும் பரவியது. செய்முறை எளிது. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் சூடேறிக் கலங்கியிருக்கும்போதே, எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலைச் செருகும் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறு கைப்பம்பால் ஒரு போத்தல் உறிஞ்சி எடுக்க வேண்டும். போத்தலில் வண்டி எண், எஞ்சின் எண், எஞ்சின் ஓடிய மணி நேரம், கடைசியாக எண்ணெய் மாற்றிய நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். ஆய்வகத்தில் நிறமாலைமானி அந்த எண்ணெயை எரித்து, ஒவ்வோர் உலோகமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். இரும்பு கூடினால் சிலிண்டர் சுவரோ கியரோ தேய்கிறது. செம்பு கூடினால் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் அல்லது பேரிங். சோடியம் தென்பட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறது. சிலிக்கான் கூடினால் மண். அதாவது காற்று ஃபில்டரிலோ அதன் குழாய் இணைப்பிலோ எங்கோ ஓட்டை. இந்தக் கடைசித் தகவல் பாலைவனத்தில் ஓடும் வாகனங்களுக்கு உயிர்நாடி. மணல் உள்ளே புகுந்த எஞ்சின் அன்றைக்கே நிற்காது. ஆனால் அதன் ஆயுளில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களிலேயே கரைந்துவிடும்.

எங்கே இது தவறும் என்பதையும் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஆறிய பின் மாதிரி எடுத்தால் உலோகத் துகள் அடியில் படிந்திருக்கும். அறிக்கை எல்லாம் நலம் என்று வரும். எண்ணெய் குறைகிறதே என்று ஓட்டுநர் நான்கு லிட்டர் ஊற்றிவிட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால், இரும்பின் அளவு திடீரென்று குறைந்து எஞ்சின் தானே குணமானதுபோல் தோன்றும். தவிர, இந்தக் கருவி சில மைக்ரான் அளவுள்ள நுண்துகளைத்தான் நன்றாகக் காணும். பல் உடைந்து விழும் பெரிய சில்லுகளை அது பார்ப்பதே இல்லை. அதற்குக் கியர்பாக்ஸின் அடியிலுள்ள காந்த அடைப்பானைக் கழற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தனி ஒரு எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரே எஞ்சினின் எண்கள் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதே செய்தி.

அதிர்வை அளப்பது அடுத்த வழி. அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்குரூடிரைவரின் நுனியைப் பேரிங் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அதிர்வுச் சென்சார் செய்வதும் அதே வேலைதான். காது பிரித்தறியாத அதிர்வெண்களை அது பிரித்துத் தருகிறது. பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்திருந்தால், ஒவ்வொரு குண்டும் அதன்மேல் உருளும்போது ஒரு தட்டல் எழும். குண்டுகளின் எண்ணிக்கை, சுழலும் வேகம், வளையத்தின் அளவு இவற்றிலிருந்து அந்தத் தட்டல் நொடிக்கு எத்தனை முறை வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். அந்த அதிர்வெண்ணில் சிகரம் முளைத்தால் குற்றவாளி எந்த வளையம் என்பதுவரை தெரிந்துவிடும்.

இந்த முறை முழு வளர்ச்சி பெற்றது ஹெலிகாப்டர்களில். 1986 நவம்பரில் ஷெட்லாந்து தீவுகளின் சம்பரோ அருகே, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த சினூக் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 45 பேர் இறந்தார்கள். முன்புறக் கியர்பாக்ஸில் ஒரு கியர் உடைந்ததே காரணம். இத்தகைய விபத்துகள் தந்த அழுத்தத்தில்தான் கியர்பாக்ஸின் அதிர்வை இடைவிடாது பதிவுசெய்யும் கண்காணிப்பு அமைப்புகள் 1990-களின் தொடக்கத்தில் வடகடல் ஹெலிகாப்டர்களில் வந்தன. பிறகு ராணுவ ஹெலிகாப்டர்களும் அவற்றைப் பூட்டிக்கொண்டன. ஆனால் ஹெலிகாப்டரில் கிடைத்த வெற்றி தரை வாகனத்தில் அப்படியே கிடைக்கவில்லை. ஹெலிகாப்டரின் சுழலி ஏறத்தாழ மாறா வேகத்தில் சுற்றும். ஒப்பிட ஒரு நிலையான அளவு எப்போதும் கையில் இருக்கும். டாங்கியோ நொடிக்கு நொடி வேகம் மாற்றும், கியர் மாற்றும், பள்ளத்தில் இறங்கும், தடம் கல்லில் அறையும். அந்தப் பேரிரைச்சலுக்குள் ஒரு பேரிங்கின் மெல்லிய தட்டலைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் இருமலைத் தேடுவதுபோலத்தான். அதனால் பல இடங்களில், வண்டி நியூட்ரல் கியரில் நின்று குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் ஓடும்போது மட்டும் அளவெடுக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அண்மைக்கால வாகனங்களில் புதிய சென்சாருக்குத் தேவையே பெரும்பாலும் இல்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆளும் கணினிகள் ஜே1939 என்ற பொது மொழியில், கேன் பஸ் எனப்படும் இரட்டைக் கம்பியின் வழியே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. கூலன்ட் வெப்பம், எண்ணெய் அழுத்தம், டர்போ அழுத்தம், எரிபொருள் ஓட்டம், பிழைக் குறியீடுகள் எல்லாம் அதில் போகின்றன. அதைக் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு சிறு பெட்டி போதும். அமெரிக்கத் தரைப்படை 2017-இல் ஏறத்தாழ 350 ஸ்டிரைக்கர் கவச வாகனங்களின் இத்தகைய தரவை ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பிடம் கொடுத்து, வண்டிவாரியாகப் பராமரிப்புப் பரிந்துரை பெறும் முயற்சியில் இறங்கியது.

பழைய வாகனங்களின் கதை வேறு. எம்113 கவச வாகனம் 1960-இல் பணிக்கு வந்தது. இன்றும் பல ராணுவங்கள் அதை ஓட்டுகின்றன. அதில் கேட்பதற்குக் கம்பியே கிடையாது. சென்சார்களைப் புதிதாகப் பூட்ட வேண்டும். பூட்டினால் கூடவே வயர், கனெக்டர், அடைப்பு வளையம் என்று பழுதாகக்கூடிய பொருட்களும் சேரும். வெப்பமும் அதிர்வும் நீரும் எண்ணெயும் படும் இடத்தில் அளக்கப்படும் பாகத்தைவிட அளக்கும் சென்சார் முதலில் சாவது அரிதல்ல. அப்போது பணிமனை துரத்துவது பழுதை அல்ல, பழுதைச் சொல்லும் கருவியின் பழுதை.

இந்தக் கருவிகள் எதுவும் இல்லாத காலத்திலேயே ராணுவத்துக்குள் ஒரு நல்ல முன்கணிப்பு முறை இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. பீரங்கிக் குழல்களின் கணக்கைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. சுட்ட ஒவ்வொரு குண்டும் அதில் ஏறும். குறைந்த வெடிமருந்தில் சுட்டது குழலை அதிகம் அரிக்காது, முழு வெடிமருந்தில் சுட்டது கடுமையாக அரிக்கும். ஆகவே எல்லாவற்றையும் முழு வெடிமருந்துக்குச் சமமான சுடுதல்களாக மாற்றிக் கூட்டுவார்கள். குழலின் உள்விட்டத்தை அளந்தும், குண்டு வெளியேறும் வேகம் குறைவதைப் பார்த்தும் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பார்கள். பயன்பாட்டை எண்ணும்போதே அதன் கடுமையையும் எடைபோடுவது, அளவீட்டால் திருத்துவது, பதிவு குழலோடு கூடவே பயணிப்பது என்று நல்ல முன்கணிப்புக்கு வேண்டிய அனைத்தும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. இன்று விற்கப்படும் பல மென்பொருள்களில் இவற்றுள் ஒன்றாவது குறைகிறது என்பதே என் மனக்குறை.

கடுமையை எடைபோடாத கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எதிர் உதாரணம், ஜெர்மனியின் பாந்தர் டாங்கி. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரில் ஏறத்தாழ 200 பாந்தர்கள் முதன்முறையாக இறங்கின. எதிரியின் குண்டுகளோடு சொந்தக் கோளாறுகளும் சேர்ந்து சில நாட்களுக்குள் அவற்றில் பெரும்பகுதியை முடக்கின. அந்த டாங்கியின் தீராத நோய், தடத்தைச் சுழற்றும் கடைசிக் கியர்தொகுதி. உலகப் போருக்குப் பின் பாந்தர்களைப் பயன்படுத்திப் பார்த்த பிரெஞ்சு ராணுவம், அந்தக் கியர்தொகுதியின் சராசரி ஆயுள் 150 கி.மீ. என்று 1947-இல் எழுதியது. இதைக் கணிக்கச் சென்சார் எதற்கு? கிலோமீட்டர் கணக்கே போதும். ஆனால் சராசரி 150 என்றால் ஒரு வண்டி 60-இல் நிற்கும், இன்னொன்று 300 வரை ஓடும். திருப்பங்களில் ஓட்டுநர் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். சராசரியைத் தெரிந்துகொள்வதற்கும், இந்த வண்டி நாளை ஓடுமா என்று தெரிந்துகொள்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் நிலைக் கண்காணிப்பு நிரப்ப முயல்கிறது.

இனி, ராணுவத் தரவின் விசித்திரத்துக்கு வருவோம். ஒரு சரக்கு லாரி நிறுவனத்தின் வண்டி நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒரே மாதிரிச் சாலையில் ஓடுகிறது. ஆயிரம் லாரி இருந்தால் ஒரே ஆண்டில் பழுதுகளின் பெரும் தொகுப்பு கிடைத்துவிடும். அதை வைத்துக் கணினிக்குப் பயிற்சி அளிக்கலாம். ராணுவ வாகனமோ ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கிறது. நிற்பதாலேயே கெடும் பாகங்கள் அதில் ஏராளம்: பேட்டரி தன் மின்னூட்டத்தை இழக்கிறது, ரப்பர் சீல் காய்கிறது, டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விழுகிறது, எரிபொருள் தொட்டியில் நீர் சேர்கிறது. பிறகு ஒருநாள் உத்தரவு வருகிறது. வண்டி ஒரே வாரத்தில் ஓராண்டுக்குரிய தூரம் ஓடுகிறது, அதுவும் கூடுதல் கவசத் தகடுகளைச் சுமந்துகொண்டு, சாலையே இல்லாத இடத்தில். அமைதிக்காலத் தரவில் பயின்ற கணினி இதைப் பார்த்ததே இல்லை. அதன் கண்ணுக்கு எல்லா வண்டியும் நோயாளியாகத் தெரியும். பான்சர்ஹாபிட்சேயில் நடந்ததன் சாயல் இதில் உண்டு. இன்னும் மோசமாக, அது பழகிய எல்லைக்கு வெளியே போய் எதையாவது துணிச்சலாகச் சொல்லும்.

பழுதுகள் அரிது என்பதால் எழும் கணக்குச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஆயிரம் வண்டிகளில் வரும் வாரத்தில் கியர்பாக்ஸ் பழுதாகப்போவது 10 வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். நம் அமைப்பு மிக நன்றாக இருந்து, பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடுகிறது. நல்ல வண்டிகளில் நூற்றுக்கு ஐந்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. அந்த 990 நல்ல வண்டிகளில் ஐந்து விழுக்காடு என்பது ஏறத்தாழ 50. ஆக 59 எச்சரிக்கைகள் வரும், உண்மையானவை 9. ஆறு ஏழு கியர்பாக்ஸ்களைக் கழற்றினால் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். டாங்கியின் எஞ்சின் தொகுதியைத் தூக்க கிரேன் வேண்டும், ஆள் வேண்டும், அரை நாளாவது வேண்டும். மூன்று முறை வெறுங்கையோடு திரும்பிய மெக்கானிக் நான்காவது எச்சரிக்கையைப் பார்க்கவே மாட்டார். வாடிங்டன் கண்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: தேவையின்றிக் கழற்றிய அந்த 50 கியர்பாக்ஸ்களில் சில, கழற்றியதாலேயே பழுதாகும்.

இவ்வளவுக்கும் அடித்தளமான பதிவேட்டின் நிலைமையை நேரில் கண்டால் கணினி வல்லுநர்கள் தலையில் கைவைப்பார்கள். கணினிக்கு வேண்டியது: எந்தப் பாகம், எந்தக் காரணத்தால், எத்தனையாவது மணி நேரத்தில் செயலிழந்தது. பணிமனைப் பதிவில் பெரும்பாலும் இருப்பது: எஞ்சின் கோளாறு, சரிசெய்யப்பட்டது. நள்ளிரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் எண்ணெய்க் கையோடு எழுதுபவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இதைவிட ஆழமான சிக்கல், பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்துவது. உதிரிபாகம் வராதபோது நின்றுபோன வண்டியிலிருந்து கழற்றி ஓடும் வண்டியில் மாட்டுவது எல்லா ராணுவங்களிலும் நடப்பது. வரலாறு வண்டி எண்ணில் எழுதப்பட்டிருக்க, கியர்பாக்ஸ் வேறு வண்டிக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. அதன்பின் கணினி கணிப்பது இல்லாத ஒரு கியர்பாக்ஸின் எதிர்காலத்தை. பீரங்கிக் குழல்போல ஒவ்வொரு பெரிய பாகமும் தன் வரலாற்றைத் தன்னோடு சுமந்து போகாதவரை இந்தக் கோளாறு தீராது. மிக நவீனமான எஃப்-35 போர் விமானத்திலேயே, பாகங்களின் மின்னணுப் பதிவேடுகள் விடுபட்டும் தவறாகவும் வந்து பெருந்தலைவலியானது. அந்த விமானத்தின் ஏலிஸ் என்ற தளவாடக் கணினி அமைப்பை விலக்கி ஓடின் என்ற புதிய அமைப்புக்கு மாறுவதாக 2020-இல் அறிவிக்க வேண்டி வந்தது.

தரவு யாருடையது என்ற வழக்கும் ஓய்ந்தபாடில்லை. கேன் பஸ்ஸில் ஓடும் செய்திகளில் பொது மொழியில் இருப்பவை சில. உற்பத்தியாளர் தனக்கென வைத்துக்கொண்ட குறியீடுகள் பல. அவற்றின் பொருளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காத ராணுவம், தன் வண்டி தன்னிடமே பேசுவதைப் புரிந்துகொள்ளப் பணம் கட்ட வேண்டிவரும்.

தரவை அனுப்புவதிலும் ஆபத்து இருக்கிறது. லாரி நிறுவனம் செய்வதுபோல் ஒவ்வொரு வண்டியும் நிமிடத்துக்கு நிமிடம் தலைமையகத்துக்கு அலைபரப்பினால், எதிரியின் கருவிகள் அந்த அலையைப் பிடித்து வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுவிடும். ஓட்டப்பயிற்சி செய்பவர்களின் பாதைகளைத் தொகுத்து ஸ்டிராவா செயலி வெளியிட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உருவம் துலங்கியதை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது. தீங்கற்றதாகத் தோன்றும் தரவு எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அது போதும். இடம் தெரியாவிட்டாலும்கூட, எந்தப் படைப்பிரிவின் டாங்கிகளில் கியர்பாக்ஸ்கள் சாகப்போகின்றன என்ற பட்டியல் எதிரிக்குத் தங்கச்சுரங்கம். எனவே கணிப்பு வண்டிக்குள்ளேயே நடந்து, முடிவு மட்டும் ஒரு வரியாக வெளியே வருவது, அதையும் முகாமுக்குத் திரும்பிய பின் கம்பி வழியே இறக்கிக்கொள்வது என்பதே நடைமுறைக்கு உகந்தது. இதனால் கணிப்பு சில மணி நேரமோ சில நாட்களோ தாமதமாகும். தாமதத்தைத் தாங்கும் கணிப்புகளுக்குத்தான் போர்க்களத்தில் இடமுண்டு.

இங்கிருந்து அவகாசம் என்ற இரண்டாவது கேள்வி தானாகவே வந்து நிற்கிறது. பழுதின் முதல் அறிகுறி தென்படும் நாளுக்கும் பாகம் செயலிழக்கும் நாளுக்கும் இடையிலுள்ள காலமே முன்கணிப்பின் மூலதனம். எண்ணெயில் உலோகம் கூடுவது பல வாரங்களுக்கு முன்னரே தெரியலாம். அதிர்வு கூடுவதும் அப்படியே.  சத்தம் காதுக்குக் கேட்கும்போதோ உறை தொட்டால் சுடும்போதோ நேரம் அனேகமாக முடிந்துவிட்டிருக்கும். மறுபக்கம், உதிரிபாகம் வந்துசேரப் பத்து நாள் ஆகிறது என்றால், மூன்று நாள் முன்னால் வரும் துல்லியமான எச்சரிக்கையைவிட மூன்று வாரம் முன்னால் வரும் மங்கலான எச்சரிக்கை மேலானது. இதனாலேயே கணிப்பின் துல்லியத்தை மட்டும் பட்டயமாகக் காட்டும் விற்பனையாளர்களிடம் எனக்குச் சலிப்பு. கிடங்கு பழைய வழக்கப்படி இயங்கும்போது, அதாவது வண்டி நின்ற பிறகுதான் பாகம் கேட்கலாம் என்ற விதி இருக்கும்போது, எவ்வளவு முன்னதாகத் தெரிந்தும் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் புதிய கியர்பாக்ஸ் கேட்கும் படிவமே பல இடங்களில் கிடையாது.

நிறுவனம் மாறாமல் கருவி மட்டும் மாறினால் நடப்பதற்குப் பொதுச் சாட்சியமும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, நிலையை அடிப்படையாகக் கொண்ட பராமரிப்பைப் பின்பற்ற வேண்டும் என்ற தன் நெறிமுறையை 2007-இலேயே வெளியிட்டது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022 டிசம்பரில் நிலவரத்தை ஆராய்ந்து, முப்படைகளும் இதில் குறைந்த அளவு முன்னேற்றமே கண்டுள்ளன என்று எழுதியது. பணமும் கணினியும் அங்கே குறைவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால் பேட்டரியில். ராணுவ வாகனங்கள் பெரும்பாலும் 24 வோல்ட் மின்னமைப்பு கொண்டவை. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோவையும் இரவுப்பார்வைக் கருவியையும் மட்டும் ஓடவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் மௌனக் காவல் அவற்றுக்கு வழக்கம். அதன் முடிவில் எஞ்சின் கிளம்பாவிட்டால் அந்த வண்டி வெறும் இரும்பு. ஸ்டார்ட்டர் சுழலும் ஓரிரு நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு கீழே போகிறது, எவ்வளவு வேகமாக மீள்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பதிந்து வைத்தாலே போதும். முதல் வாரம் 20 வோல்ட் வரை இறங்கியது, அடுத்தடுத்த வாரங்களில் 19.5, 19, 18 என்று இறங்கிக்கொண்டே போனால், வெப்பநிலையைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தப் போக்கு நீடித்தால், பேட்டரியின் உள்மின்தடை கூடுகிறது என்று பொருள். கூடுதல் சென்சார் தேவையில்லை, பழுதுகளின் எண்ணிக்கையும் கற்றுக்கொள்ளும் அளவுக்கு நிறைய, மாற்றுவதும் எளிது, தவறாக மாற்றினாலும் இழப்பு சிறிது. அதே வரிசையில் காற்று ஃபில்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடும் எண்ணெய்ச் சோதனையும் வரும். கியர்பாக்ஸின் எஞ்சிய ஆயுளை மணிக்கணக்கில் சொல்லும் பெருங்கனவை இவற்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சிய ஆயுள் என்ற கேள்வியே கூட, களத்திலுள்ள தளபதி கேட்பது அல்ல. இந்த எஞ்சின் இன்னும் 340 மணி நேரம் ஓடும் என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர் கேட்பது: நாளை இரவு புறப்பட்டு மூன்று நாளில் 250 கிலோமீட்டர் போக வேண்டும், என் பன்னிரண்டு வண்டிகளில் எத்தனை போய்ச் சேரும், சந்தேகத்துக்குரியவை எவை? இதற்கான விடை நிகழ்தகவாகத்தான் இருக்க முடியும், அந்தப் பயணத்தின் தூரத்தையும் தரையையும் சுமையையும் கணக்கில் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு விடை கிடைத்தால், கையில் ஒரு உதிரிபாகம்கூட இல்லாத நிலையிலும் அதற்குப் பயன் உண்டு. ஏழாம் எண் வண்டியின் கூலன்ட் வெப்பம் ஏற்றத்தில் மட்டும் கூடுகிறது, பதினொன்றாம் எண் வண்டியின் கியர்பாக்ஸ் எண்ணெயில் செம்பு ஏறிக்கொண்டே போகிறது என்று தெரிந்தால், குறுகிய பாலங்களுக்கும் கணவாய்க்கும் அந்த இரண்டையும் முதலில் அனுப்பி வழியை அடைத்துக்கொள்ள மாட்டார். கூடுதல் வெடிமருந்தை அவற்றில் ஏற்ற மாட்டார். இரண்டையும் அணிவகுப்பின் கடைசியில், மீட்பு வாகனத்துக்கு நேர் முன்னால் ஓடவிட்டு, அவற்றின் குழுவினருக்கு வேறு எந்த வண்டியில் இடம் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே குறித்துவைப்பார்.